தண்ணீர் குடிக்கும் தரை

நம் சென்னைப் பட்டணத்தில் தண்ணீரைப் பற்றி வருஷத்துக்கு இரண்டு புலம்பல்கள் உண்டு. சித்திரை, வைகாசி பிறந்தால், "ஐயோ, தண்ணீர் இல்லையே!" என்று ஒரு புலம்பல். ஐப்பசி, கார்த்திகை பிறந்தால், "ஐயோ, தண்ணீர் வந்துவிட்டதே!" என்று மற்றொன்று. வேடிக்கை என்னவென்றால், இரண்டையும் புலம்புகிறவர்கள் ஒரே மனிதர்கள்தாம். குடத்தை வைத்துக்கொண்டு லாரிக்காகக் காத்து நின்ற அதே வாசற்படியில், ஆறு மாதம் கழித்து அதே குடத்தால் தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே கொட்டுகிறோம்.

மிகைப்படுத்திச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். 2015-ஆம் வருஷம் டிசம்பர் முதல் தேதி பிடித்த மழையில், தாம்பரத்தில் மாத்திரம் இருபத்து நாலு மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. ஜனங்கள் மொட்டை மாடியில் ஏறி நின்றதும், தெருக்களில் படகு ஓடியதும் உங்களுக்கு மறந்திருக்காது. அதன் பிறகு நாலு வருஷம்கூட முழுசாக ஆகவில்லை. 2019 ஜூலை 12-ஆம் தேதி, ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் குடிதண்ணீரைச் சுமந்துகொண்டு ஒரு ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. முன்னது வெள்ளம், பின்னது வறட்சி. ஊர் ஒன்றுதான்.

அப்படியானால் வானத்திலிருந்து விழுந்த அவ்வளவு தண்ணீரும் எங்கேதான் போயிற்று?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட ஆகாயத்தைப் பார்க்க வேண்டியதில்லை. குனிந்து காலடியைப் பார்த்தால் போதும். நம் பாட்டனார் காலத்து வீட்டில் முற்றம் இருந்தது, கிணற்றங்கரை இருந்தது, கொல்லையில் நாலு வாழையும் ஒரு முருங்கையும் இருந்தன. வாசலில் மண் இருந்தது. மழை பெய்தால் பூமி முதலில் தன் வயிறு நிரம்பக் குடித்தது. மீதியைத்தான் தெருவுக்கு அனுப்பியது. இன்றைக்கு முற்றமும் இல்லை, கொல்லையும் இல்லை. வாசல் முழுவதும் ஸிமெண்டு. மண்ணுக்கும் மழைக்கும் நடுவே நாம் ஒரு மூடி போட்டுவிட்டோம்.

நான் குடியிருக்கும் மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்று ஒரு ரஸ்தா இருக்கிறது. அந்தக் காலத்தில் அங்கே உண்மையாகவே ஒரு நீண்ட ஏரி இருந்தது. 1920-களில் அதை வற்ற வைத்துத்தான் பக்கத்திலே தியாகராய நகரம் எழும்பிற்று. இப்போது ஏரியும் இல்லை, அதன் காட்சியும் இல்லை. ரோடு மாத்திரம் இருக்கிறது. ஆனால், பெரிய மழை பெய்தால் ஏரி தன் பழைய விலாசத்தைத் தேடிக்கொண்டு வந்துவிடுகிறது!

நிற்க. ஊர்க் கதையை விட்டுவிட்டு எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

எங்களுடையது எட்டுக் குடித்தனங்கள் கொண்ட ஒரு பழைய அடுக்கு வீடு. முன்புறம் ஆயிரம் சதுர அடியில் ஒரு திறந்த வெளி. அதன் மூலையில் ஒரு கிணறு. ஆறு ஸ்கூட்டர்களும் மூன்று கார்களும் அந்த இடத்தில்தான் ராத்திரி தூங்குகின்றன. மழைக் காலத்தில் அங்கே சேறு. செருப்பை விட்டுவிட்டுக் கால் மாத்திரம் வீடு வந்து சேர்கிற அளவுக்குச் சேறு. ஆகவே 2024-ஆம் வருஷம் வைகாசி மாதம் எங்கள் குடியிருப்போர் சங்கம் கூடியது. காரியதரிசி எழுந்து, "திறந்த வெளி முழுவதுக்கும் ஸிமெண்டுத் தளம் போட்டு, தெருப் பக்கம் நல்ல வாட்டம் கொடுத்துவிட வேண்டும்" என்று பிரேரணை கொண்டுவந்தார். ஏழு பேர் கை தூக்கினார்கள். எட்டாவது கை என்னுடையது. நான் தூக்கவில்லை; காரணம் ஏதோ பெரிய தத்துவம் இல்லை. அன்று காலையில்தான் இஸ்திரி போடும் பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தேன்.

எங்கள் தெரு மேற்கேயிருந்து கிழக்கே சரிகிறது. சரிவின் கடைசியில் ஒரு சந்து. அந்தச் சந்தில்தான் அவருடைய வீடு. தெருமுனையில் வண்டியை நிறுத்திக்கொண்டு எங்கள் எல்லாருடைய சட்டைகளையும் இஸ்திரி போட்டுக் கொடுப்பவர். "ஸிமெண்டு போடப் போறாங்களாமே, சார்?" என்று கேட்டார்.

"ஆமாம் பெரியவரே, சேறு தாங்க முடியவில்லை" என்றேன்.

அவர் பெட்டியிலிருந்த கரியை ஊதிவிட்டு, "போடட்டும் சார், நல்லதுதான். ஆனா ஒண்ணு. உங்க வூட்டு மழை எங்க வூட்டுக்குத்தான் வருது. போன தபா கட்டில் காலு முழுகிச்சு. பேத்திப் பொண்ணு பாடப் புஸ்தகமெல்லாம் பரண்மேல வச்சோம்" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. மழை மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகிறது என்று பூகோள பாடம் சொல்வதுபோலச் சொன்னார். அதுதான் என்னைச் சுருக்கென்று தைத்தது. நாங்கள் கொடுக்கப் போகிற "நல்ல வாட்டம்" அவருடைய வீட்டு வாசலைப் பார்த்துத்தான் இருக்கப் போகிறது.

சங்கத்தில் ஒரு மாதம் அவகாசம் கேட்டேன். "பத்திரிகைக்காரர் அல்லவா, விசாரிக்கட்டும்" என்று தயவு பண்ணிக் கொடுத்தார்கள். எங்கள் மூன்றாவது மாடியில் ஓய்வு பெற்ற இஞ்சினீயர் ஒருவர் இருக்கிறார். மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவரும் நானும் ஒரு மாதம் இதே வேலையாக இருந்தோம். தெரிந்துகொண்டவற்றை உங்களுக்கும் சொல்கிறேன்.

மழைத் தண்ணீர் சுத்தமானது என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கிறோம். மேகத்திலிருந்து விழும்போது ஓரளவு சுத்தந்தான். தெருவைத் தொட்ட மறுகணமே அது அழுக்குத் தண்ணீர். வண்டிகள் சொட்டிய எண்ணெய், பிரேக்குக் கட்டை தேய்ந்து உதிர்ந்த தாமிரப் பொடி, டயரிலிருந்து துத்தநாகம், புகைக் கரி, தெரு நாய் செய்த உபகாரம், யாவையும் வாரிக்கொண்டு அது ஓடுகிறது. பல நாள் வெயிலில் சேர்ந்த அழுக்கு அத்தனையும் முதல் மழையில் இறங்குவதால், அந்த முதல் அரை மணித் தண்ணீர்தான் மகா மோசம். அது வடிகாலுக்குப் போய், வடிகாலிலிருந்து கூவத்துக்கும் அடையாற்றுக்கும் போய், கடைசியில் கடலுக்குப் போகிறது. நடுவில் அதைச் சுத்தம் செய்வார் யாரும் இல்லை.

இதன் விபரீதத்தை உலகத்துக்கு எடுத்துக் காட்டியது ஒரு மீன். அமெரிக்காவில் சியாட்டில் என்ற நகரத்தின் ஓடைகளில் கோஹோ சால்மன் என்ற மீன் ஜாதி உண்டு. பிறப்பது ஓடையில், வளர்வது சமுத்திரத்தில், முட்டையிடுவதற்கு மாத்திரம், பெண்கள் தலைப் பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு வருவதுபோல, பிறந்த ஓடைக்கே திரும்பி வரும். இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அங்கே ஒரு விசித்திரம் கண்டார்கள். மழை பெய்தவுடன், ஊருக்கு நடுவேயுள்ள ஓடைகளில், வந்த மீன்கள் முட்டையிடுவதற்கு முன்பே தள்ளாடித் தள்ளாடிச் செத்து மிதந்தன. சில ஓடைகளில் பாதிக்கும் மேல்! எண்ணெயா, உலோகமா, பூச்சி மருந்தா என்று ஒவ்வொன்றாகச் சந்தேகித்துப் பார்த்தார்கள். எதுவும் பொருந்தவில்லை.

கடைசியாக 2020 டிசம்பரில் விஞ்ஞானிகள் குற்றவாளியைப் பிடித்தார்கள். அது டயர்! டயர் ரப்பர் காற்றிலுள்ள ஓஸோனால் வெடித்துவிடாமல் இருக்க அதில் '6பிபிடி' என்ற ஒரு ரசாயனத்தைச் சேர்க்கிறார்கள். அது ஓஸோனோடு கூடி, 'குயினோன்' என்ற வகையைச் சேர்ந்த வேறொரு பொருளாக மாறுகிறது. டயர் தேயத் தேய அந்த நஞ்சு ரஸ்தாவில் படிகிறது. மழை அதை ஓடைக்குக் கொண்டுபோகிறது. மிகச் சொற்ப அளவே போதும். சில மணி நேரத்தில் மீன் போய்விடுகிறது.

இந்தத் துக்கக் கதையில் ஒரு நல்ல அத்தியாயமும் உண்டு. நஞ்சின் பெயர் தெரிவதற்கு முன்பே, 2015-இல், அந்தப் பக்கத்து ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்திருந்தார்கள். நெடுஞ்சாலையில் பிடித்த மழைத் தண்ணீரில் மீனை விட்டார்கள். ஒரு நாளைக்குள் செத்தது. அதே தண்ணீரை, மணலும் மக்கிய எருவும் மரப்பட்டையும் கலந்த மண்ணின் வழியே வடிய விட்டு, பிறகு மீனை விட்டார்கள், பிழைத்தது. இதில் வேறு மாய மந்திரம் ஒன்றும் இல்லை. நம் பாட்டிமார்கள் மூன்று பானை அடுக்கி, மணலும் கரியும் போட்டுத் தண்ணீர் வடிகட்டினார்களே, அதே வித்தைதான்!

இப்போது விஷயத்துக்கு வந்துவிட்டோம். தெரு அழுக்கை வடிகட்ட மண் வேண்டும். ஆனால் ஊரிலே மண் எங்கே இருக்கிறது? எல்லாம் தளமாயிற்றே! அப்படியானால் அந்தத் தளத்தையே ஒரு வடிகட்டியாகச் செய்துவிட்டால் என்ன?

இந்த யோசனை நேற்றுப் பிறந்ததல்ல. 1970-களின் ஆரம்பத்தில் அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து பிராங்க்ளின் ஆராய்ச்சிக் கூடத்தார், தாரிலே பொடி ஜல்லியைக் கழித்துவிட்டுப் பெரிய ஜல்லியை மாத்திரம் கலந்து, ஊடே தண்ணீர் இறங்கும் ரஸ்தா போடலாம் என்று ஆராய்ந்து எழுதினார்கள். 1977-இல் மாஸசூசெட்ஸ் மாநிலத்தில் வால்டன் ஏரிக்கரையில் கார்கள் நிற்கும் இடத்தை அந்த மாதிரி போட்டார்கள். பல பத்தாண்டுகள் அது தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. மணல் சேர்க்காமல் காங்கிரீட் போடுவது அதற்கும் பழசு. இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு பிரிட்டனில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குச் சுவரே அப்படித்தான் எழுப்பினார்கள்.

தளத்தின் அமைப்பு ரொம்ப எளிது. மேலே தண்ணீர் நுழையக் கூடிய ஒரு தோல். அது தாராக இருக்கலாம், மணலில்லாத காங்கிரீட்டாக இருக்கலாம், இடைவெளி விட்டு அடுக்கிய பேவர் பிளாக்காகவும் இருக்கலாம். அதன் அடியில் பொடி கலவாத, கழுவின ஜல்லிப் படுகை. ஜல்லிக்கும் ஜல்லிக்கும் நடுவே உள்ள சந்துதான் தண்ணீர்த் தொட்டி. அதற்கும் கீழே மண். மேலே விழுந்த தண்ணீர் ஜல்லியில் தங்கி, அவசரப்படாமல் மண்ணுக்குள் இறங்குகிறது.

அது இறங்கும் வழியில்தான் சுத்திகரிப்பு நடக்கிறது. தூசியும் டயர்த் துகளும் மேல் ஓரிரண்டு அங்குலத்திலேயே சிக்கிக்கொள்கின்றன. தாமிரமும் துத்தநாகமும் பெரும்பாலும் அந்தத் தூசியைப் பற்றிக்கொண்டே வருவதால் அவையும் அங்கேயே நின்றுவிடுகின்றன. எண்ணெயை என்ன செய்வது? அதற்கும் ஆள் இருக்கிறது. கல்லிடுக்கில் கோடி கோடியாகக் குடியேறும் நுண்ணுயிர்கள் எண்ணெயைத் தின்று ஜீரணம் செய்துவிடுகின்றன என்று இங்கிலாந்தில் கவெண்ட்ரி பல்கலைக்கழகத்தார் 1990-களில் வருஷக் கணக்கில் எண்ணெய் சொட்டவிட்டுப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். சம்பளம் கேட்காத தோட்டிகள்! சால்மன் மீனின் ஊரிலும், வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் டயர்த் துகளை இத்தகைய தளங்களின் மேல் தூவித் தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் துகள்கள் தளத்திலேயே நின்றுவிட்டன. மீனைக் கொல்லும் நஞ்சும் பெருமளவு குறைந்தது என்று 2024-இல் முடிவு வெளியாயிற்று.

இவ்வளவையும் எழுதி எடுத்துக்கொண்டு ஆனி மாதக் கூட்டத்துக்குப் போனேன். ஆட்சேபங்கள் மழைபோல் பொழிந்தன.

முதல் மாடி மாமி எழுந்து, "அது சரி, இடுக்கு இடுக்காக இருந்தால் நான் கோலம் எங்கே போடறது?" என்றாள். நியாயமான கேள்வி. கோல மாவும் செம்மண்ணும் இடுக்கை அடைக்கும் என்பதும் உண்மை. வாசற்படிக்கு முன்னால் ஆறடிக்கு ஆறடி வழக்கமான ஸிமெண்டுத் தளமே இருக்கட்டும் என்று தீர்மானித்தோம். மாமியின் ஓட்டு எங்கள் பக்கம் வந்தது.

"பேவர் பிளாக்குதானே? அடுத்த கட்டடத்தில்கூடப் போட்டிருக்கிறார்களே, அங்கே தண்ணீர் நிற்கிறதே!" என்றார் காரியதரிசி. வாசகர்களும் இதைக் கவனிக்க வேண்டும். நம் ஊரில் சாதாரணமாகப் பேவர் பிளாக்கு போடும்போது கல்லைக் கல்லோடு நெருக்கி வைத்து, அடியில் கிரஷர் தூளைக் கொட்டித் திம்சு போட்டு இறுக்கிவிடுகிறார்கள். சில இடங்களில் அதற்கும் கீழே காங்கிரீட் வேறு. பார்ப்பதற்கு இடுக்கு இருக்கும். ஒரு சொட்டும் இறங்காது. சூட்சுமம் மேலே உள்ள கல்லில் இல்லை, அடியில் உள்ள படுகையில் இருக்கிறது.

"செலவு?" என்று கேட்டார் மற்றொருவர். மேஸ்திரி கொடுத்த கணக்கில் ஸிமெண்டுத் தளத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஆயிற்று. நான் மறைக்கவில்லை. ஆனால் இஞ்சினீயர் மாமா கரும்பலகை இல்லாத குறையாக ஒரு கணக்குப் போட்டார். "ஆயிரம் சதுர அடி. ஓர் அடி ஆழம் ஜல்லி. ஜல்லியில் நூற்றுக்கு நாற்பது பங்கு வெற்றிடம். ஆக நானூறு கன அடி. லிட்டரில் சொன்னால் 11,000-க்கும் மேலே. கோடையில் நாம் கூப்பிடுகிறோமே, பெரிய லாரி, ஏறக்குறைய அந்த ஒரு லாரித் தண்ணீர்! நம் வாசலில் விழுகிற மழையில் 12 சென்டிமீட்டர் வரை ஒரு சொட்டுத் தெருவுக்குப் போகாது. ஒவ்வொரு பெருமழைக்கும் ஒரு லாரி இலவசம், ஐயா!" என்றார். சபை சற்று நிமிர்ந்து உட்கார்ந்தது.

கடைசியில், கீழ்த் தளத்தில் தனியாக இருக்கும் பாட்டி கேட்டதுதான் எல்லாவற்றிலும் கூர்மையான கேள்வி. "ஏண்டா அப்பா, வண்டி எண்ணெயெல்லாம் அது வழியா என் கிணத்துக்குள்ளே இறங்காதோ?"

அதற்கு மாமா சட்டென்று பதில் சொல்லவில்லை. மறுநாள் கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றை அளந்தார். போன கார்த்திகையில் தண்ணீர் எங்கே நின்றது என்று உறையில் இருந்த பாசிக் கறையைப் பார்த்தார்; தரையிலிருந்து பன்னிரண்டு அடி கீழே. "படுகையின் அடிக்கும் நீர்மட்டத்துக்கும் நடுவே குறைந்தது மூன்றடி மண் வேண்டும், நமக்கு அதைவிட அதிகம் இருக்கிறது. சொட்டுகிற எண்ணெய்க்குப் பயமில்லை, கொட்டுகிற எண்ணெய்க்குத்தான் பயம்" என்றார். ஆகவே அங்கே யாரும் வண்டிக்கு எண்ணெய் மாற்றக் கூடாது, பெயிண்டு கழுவக் கூடாது என்று விதி எழுதினோம். கிணற்றைச் சுற்றி ஐந்தடிக்குத் தளமே வேண்டாம், கிணற்றடியை உயர்த்திவிடலாம் என்றும் முடிவாயிற்று. இன்னொன்றும் மாமா பாட்டியிடம் ஒளிக்காமல் சொன்னார்: "கரைந்து வருகிற உப்பையும் நைட்ரேட்டையும் இது பிடிக்காது. கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறதானால் காய்ச்சியும், வருஷம் ஒரு தடவை பரிசோதனைக்கு அனுப்பியுந்தான் குடிக்கவேண்டும்."

வேலை ஆடி பிறப்பதற்குள் ஆரம்பமாயிற்று. முதலில் இரண்டடிக் குழி வெட்டித் தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் வற்றுகிறது என்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு பார்த்தோம். ஏரி மண்ணல்லவா? களி. மெதுவாகத்தான் இறங்கிற்று. அதனால் படுகையின் அடியில் துளையிட்ட குழாய் ஒன்றைப் பதித்து, மிஞ்சும் தண்ணீர் மழைநீர்த் தொட்டிக்குப் போகும்படி செய்தோம். அந்தத் தொட்டி, 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்தபோது வெட்டியது; வண்டல் நிரம்பி, மேலே துளசித் தொட்டி வைக்கப்பட்டிருந்தது! தூர் வாரிச் சரிப்படுத்தினோம்.

மேஸ்திரி நல்ல மனிதர். முப்பது வருஷ அனுபவம். அதுதான் சங்கடம். "தூள் போடாம கல்லு எப்படி சார் நிக்கும்?" என்று தினம் ஒரு தடவை கேட்டார். அடியில் ஒன்றரை அங்குல ஜல்லி, அதன்மேல் முக்கால் ஜல்லி, அதன்மேல் இரண்டு அங்குலம் சிறு சிப்ஸ், பிறகு கல், இடுக்கிலும் சிப்ஸ்தான், மணலே கூடாது என்று மாமா குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். கடைசி நாள் மேஸ்திரி ஒரு வாளித் தண்ணீரைத் தளத்தின் நடுவில் கொட்டினார். எங்கும் ஓடாமல் அந்த இடத்திலேயே தண்ணீர் காணாமற்போயிற்று. மேஸ்திரி வாளியையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னொரு வாளி கொண்டாடா!" என்று சித்தாளுக்குக் குரல் கொடுத்தார். அப்படி ஏழு வாளி கொட்டிப் பார்த்தார்.

இதைப் படித்துவிட்டு, உடனே ஊர் முழுவதையும் பெயர்த்தெடுத்து இப்படிச் செய்துவிடலாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். இந்தத் தரைக்கும் எல்லை உண்டு. கனரக லாரிகள் ஓடும் பெரிய ரஸ்தாவுக்கு இது பொதுவாகத் தோதுப்படாது. வீட்டு வாசல், நடைபாதை, வண்டி நிறுத்துமிடம், பள்ளிக்கூட முற்றம் இவற்றுக்குத்தான் ஏற்றது. பெட்ரோல் பங்கு, மெக்கானிக் ஷாப்பு, சாயப் பட்டறை போன்ற இடங்களில் போடவே கூடாது. அங்கே மண்ணுக்குள் இறங்குவது தண்ணீராக இராது, விஷமாக இருக்கும். நிலத்தடி நீர் கையெட்டும் தூரத்தில் நிற்கும் இடத்திலும் உதவாது. பெருவெள்ளத்தை இது தடுத்துவிடும் என்பதும் பொய். சீன தேசத்தில் 2015-இல் பதினாறு நகரங்களில் ஆரம்பித்து, 'பஞ்சு நகரம்' என்று பெயரிட்டு இத்தகைய தரைகளையும் குளங்களையும் ஏராளமாக அமைத்தார்கள். பிறகு அத்திட்டத்தில் சேர்ந்த ஜெங்ஜோ நகரத்தில் 2021 ஜூலை 20-ஆம் தேதி ஒரே மணி நேரத்தில் 20 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பஞ்சாவது, நுரையாவது! ஊரே முழுகிற்று. எந்தப் பஞ்சுக்கும் ஓர் அளவுதானே உண்டு? வருஷத்தில் பெய்கிற பல சாதாரண மழைகளுக்கும், அவற்றின் முதல் அழுக்கு நீருக்கும்தான் இது மருந்து.

எல்லாவற்றையும்விடப் பெரிய சத்துரு தூசி. பராமரிக்காவிட்டால் இடுக்கு அடைத்துக்கொண்டு, சில வருஷத்தில் சாதாரணத் தளமாகிவிடும். மேல் நாடுகளில் அழுக்கை உறிஞ்சும் யந்திர வண்டியை ஓட்டுகிறார்கள். எங்களுக்கு யந்திரம் இல்லை. எட்டுக் குடித்தனம் இருக்கிறது. வாரத்துக்கு ஒரு வீடு முறை வைத்துப் பெருக்குகிறோம். மழைக் காலத்துக்கு முன்னால் ஒரு நாள் இடுக்கில் அடைந்த சிப்ஸைக் கிளறி எடுத்துவிட்டுப் புதுசு போடவேண்டும். பக்கத்து மனையில் வீடு கட்டுகிறார்கள். அவர்கள் மணல் லாரி வந்தால் மாமா மாடியிலிருந்து இறங்கி ஓடிவருகிறார். கொட்டி விடப்போகிறானே என்று அவருக்குத் தூக்கமே இல்லை. என் மகள் அவருக்கு 'தரை மாமா' என்று பெயர் வைத்திருக்கிறாள்.

2024-இல் புரட்டாசி முடிவதற்கு முன்பே, அக்டோபர் மத்தியில், மழை பிடித்துக்கொண்டது நினைவிருக்கும். எட்டுக் குடித்தனமும் பால்கனியில் நின்று வாசலைப் பார்த்தோம், கிரிக்கெட் பார்ப்பதுபோல. ஓடவில்லை, தேங்கவில்லை, விழுந்த தண்ணீர் விழுந்த இடத்திலேயே மறைந்துகொண்டிருந்தது. எங்கள் கேட்டுக்கு வெளியே தெரு ஆறாக ஓடிற்று. உள்ளே காரியதரிசி ரப்பர் செருப்புடன் உலாவினார், முதலிலிருந்து எல்லாம் அவருடைய யோசனைதான் என்பதுபோல. கார்த்திகையில் பாட்டி கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு, "உறையிலே ரெண்டு வரிசை மேலே ஏறியிருக்குடா" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கே ஒன்றரை மடங்கு செலவு தகும் என்று எனக்குத் தோன்றிற்று.

மழை விட்ட மறுநாள் காலையில் சட்டைகளை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். உள்ளூரக் கொஞ்சம் பெருமை இருந்தது என்பதை மறைப்பானேன்? இஸ்திரிப் பெரியவர் நனைந்த கரியைப் பற்ற வைக்கப் படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன பெரியவரே, இந்தத் தடவை வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா?"

"வந்துச்சு சார்."

"வந்ததா?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். நல்ல மனிதர், என்னை ஏமாற்ற அவருக்கு மனசில்லை, வருத்தவும் மனசில்லை. பெட்டியை ஒரு தடவை ஊதிவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"உங்க வூட்டுத் தண்ணி வரல சார். மத்த வூட்டுத் தண்ணிதான் வந்துச்சு."

எங்கள் தெருவில் இன்னும் நாற்பத்திரண்டு வாசல்கள் இருக்கின்றன. உங்கள் தெருவில் எத்தனை?